வாரண்டி முடிந்துவிட்டது, சரி; அதனால்?

"வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே சார்." துக்க வீட்டுக்கு வந்தவர் பேசும் குரலில் இதைச் சொல்லிவிட்டு, சர்வீஸ் அட்வைசர் எஸ்டிமேட்டை என் பக்கம் தள்ளினார். ஸ்டீயரிங் காலம் அசெம்ப்ளி (அதாவது முழு ஸ்டீயரிங் தண்டு), கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 71,400 ரூபாய்.

2019 பிப்ரவரியில் ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கிய வண்டி. நிறுவனம் கொடுத்த வாரண்டி மூன்று ஆண்டு. மேற்கொண்டு பணம் கட்டி நான் நீட்டிக்கொண்டது இரண்டு ஆண்டு. ஓடியது 46,000 கிலோமீட்டர். ஒரு சர்வீஸ்கூடத் தவறவிட்டதில்லை. 2025 ஜூனில் திருச்சி தலைமைத் தபால் நிலையச் சந்திப்பில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஸ்டீயரிங் திடீரென்று அம்மிக்கல்லாய்க் கனத்துவிட்டது. முன்னால் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. பின்னால் இருபது ஹாரன்கள். "ஏன் மாப்பிள்ளை, ஏசி போட்டும் இப்படி வியர்க்கிறது?" என்று பின் இருக்கையிலிருந்து மாமியார் கேட்டார். எப்படியோ வளைத்து ஓரம் கட்டினேன்.

பவர் ஸ்டீயரிங்குக்கு உதவும் மோட்டாரை ஆட்டுவிக்கும் எலக்ட்ரானிக் பெட்டி செத்துவிட்டது. மோட்டார் நன்றாக இருக்கிறது, இரும்புத் தண்டு நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டியை மட்டும் தனியாக விற்க மாட்டார்களாம். முழுத் தண்டையும் வாங்க வேண்டும்.

நான் சண்டைக்காரன் இல்லை. பிரேக் பேட் தேயும், ஏனென்றால் நான் மிதிக்கிறேன். டயர் தேயும், கிளட்ச் தேயும், வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து போகும். இவற்றுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். டேஷ்போர்டுக்கு அடியில் மூடி ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டின் கதை வேறு. அதற்கு எண்ணெய் விடு, துடை, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று என்று வண்டியோடு வந்த கையேட்டில் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. நான் அதைத் தொட்டதும் இல்லை, தொடவும் முடியாது. அப்படிப்பட்ட ஒன்று ஆறு ஆண்டில் சாகிறது என்றால், அந்தச் சாவில் என் பங்கு என்ன? வாரண்டி அட்டையில் எழுதியிருக்கும் தேதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

மன்னார்புரத்தில் முப்பது ஆண்டாக வண்டி வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் என் வண்டியைத் தொடவே இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, இதே மாடல் வண்டிகளிலிருந்து கழற்றிய இதே பெட்டி மூன்றை எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடி கொடுத்தார். மூன்றிலும் கனெக்டர் ஊசி போர்டில் சேரும் இடத்தில், ஈயப் பற்றைச் சுற்றி முடியளவு விரிசல். பகலில் கொதிக்கிறது, இரவில் ஆறுகிறது. போர்டு ஒரு அளவு விரிகிறது, ஊசி ஒரு அளவு விரிகிறது, நடுவில் மாட்டிக்கொண்ட ஈயம் ஒரு நாள் விட்டுவிடுகிறது. "உங்களுடையதும் இதுவாகத்தான் இருக்கும். 3,500 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன். ஆனால் கேஸ் போடுகிற எண்ணம் இருந்தால் என்னைத் திறக்கச் சொல்லாதீர்கள். 'வெளி ஆள் கை வைத்துவிட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்" என்றார். நான் சந்தித்த முதல் நல்ல வழக்கறிஞர் அவர்தான்.

வெப்பத்தால் ஈயப் பற்று விரிசல் விடுவதும், சூடு பத்து டிகிரி கூடினால் போர்டில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைவதும் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. திருச்சி வெயிலும் யாருக்கும் ரகசியம் இல்லை. இங்கே விற்கிற வண்டிக்கு இங்கத்திய வெயிலில் தாங்கும் போர்டு வைக்க வேண்டியது யார் பொறுப்பு?

அமெரிக்காவில் டெஸ்லாவுக்கு நடந்தது இங்கே பொருந்தும். 2018 வரை வந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் வண்டிகளின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம் ஒன்று இருந்தது. அதில் இத்தனை முறைதான் எழுதி அழிக்க முடியும் என்று வரம்பு உண்டு. வண்டி ஓட ஓட அது தானாகவே எழுதித் தள்ளி, சில ஆண்டுகளில் தீர்ந்துபோனது. திரை இருண்டால் பின்புறக் கேமராவும் போயிற்று. முதலில் நிறுவனம் வாரண்டியை நீட்டித்துப் பார்த்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1,58,000 வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொன்னது. அடுத்த மாதமே சுமார் 1,35,000 வண்டிகளை அழைத்தார்கள், இலவசமாக. இப்படிப்பட்ட பாகம் வண்டியின் முழு ஆயுளுக்கும் உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதுதான் டெஸ்லாவின் வாதம். லட்ச டாலர் வண்டியை விற்கும்போது அதைச் சொல்லியிருக்கலாம்.

இனி நம் சட்டம். வாரண்டி என்பது நிறுவனம் தானாக எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. சட்டம் எனக்குக் கொடுத்திருப்பது தனி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவிலேயே, அந்தச் சரக்கையே தொழிலாக விற்பவர் தரும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, யாரும் எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகக் கொள்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 'குறைபாடு' என்பதை விளக்கும்போது, வெளிப்படையான ஒப்பந்தத்தோடு உள்ளார்ந்த ஒப்பந்தத்தையும் சேர்த்தே சொல்கிறது. பிறவியிலேயே இருந்த குறை, வாரண்டி தீர்ந்த மறுநாள் வெளியே வந்தால் பிறவிக் குறை இல்லையென்று ஆகிவிடாது.

ஆனால் முகநூலில் உலவும் ஒரு அரைகுறைச் செய்தியையும் இங்கே உடைத்துவிடுகிறேன். 'புதுச் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு வந்துவிட்டது, இனி எல்லாவற்றுக்கும் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அந்த அத்தியாயம் உயிர், உடல், பிற சொத்துக்கு வரும் தீங்குக்கானது. பொருளுக்கே நேர்ந்த சேதத்தை அது வெளியே நிறுத்துகிறது. ஸ்டீயரிங் இறுகி நான் மின்கம்பத்தில் மோதிக் கையை உடைத்துக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போகலாம். பெட்டி செத்ததற்கு மட்டும் என்றால் 'குறைபாடு' என்ற பழைய வாசல்தான்.

அந்த வாசலில் நம் நிலை அவ்வளவு வசதியானதும் இல்லை. பிரிட்டனின் 2015 சட்டம் தரம் என்பதற்குள் நீடித்து உழைப்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இங்கிலாந்தில் ஆறு ஆண்டுவரை கேட்கலாம். ஆஸ்திரேலியாவில், நிறுவனத்தின் வாரண்டி முடிந்தபிறகும் நியாயமான காலம்வரை சட்டத்தின் உத்தரவாதம் தொடரும். காருக்கும் செருப்புக்கும் ஒரே நியாயமான காலம் இல்லை என்பது அங்கே எழுதாமலே புரிகிற விஷயம். ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்க வேண்டும் என்ற கணக்கு நம் சட்டத்தில் இல்லை. உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம் தலையில். எனவே நுகர்வோர் ஆணையத்தில் கோபத்துக்கு மதிப்பில்லை, காகிதத்துக்குத்தான்.

அந்தக் காகிதம் ஷோரூமில் பிறக்கிறது. அங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். வண்டியை விடும்போது பழுதைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'ஸ்டீயரிங் பிரச்சினை' என்று எழுதியிருந்ததை அடித்து, 'ஓடும்போது ஸ்டீயரிங்குக்கு மோட்டார் தரும் உதவி நின்றுவிட்டது' என்று எழுத வைத்தேன். ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீட்டின் அச்சுப்படி கேட்டேன், வழக்கமில்லை என்றார்கள், வாங்காமல் நகரவில்லை. வண்டி இல்லாமல் வீட்டில் எதுவும் நடக்காது என்பதால் 71,400 ரூபாயைக் கட்டினேன், பில்லின் மேல் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு. கடைசியாகப் பழைய பாகத்தைக் கேட்டபோதுதான் மேலாளரே வெளியே வந்தார். அது கம்பெனிக்குத் திரும்பப் போக வேண்டுமாம். வாரண்டியில் மாற்றினால் போகட்டும். நான் காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் என்னுடையது. அரைமணி நேர வாக்குவாதம். அதுதான் என் ஒரே சாட்சி என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியபின் தொலைபேசி வந்தது. 'குட்வில்' அடிப்படையில் பாகத்தின் விலையில் 30 சதவீதம் திருப்பித் தருவார்களாம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால். நல்லெண்ணத்துக்கு எதற்கப்பா கையெழுத்து? பணம் அவசரம் என்பவர்கள் அதை வாங்கிக்கொள்வதைக் குறை சொல்ல மாட்டேன். நான் வாங்கவில்லை.

வெளியில் 3,500 ரூபாயில் முடியும் வேலை உள்ளே 71,400 ஆவது எப்படி என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் போதாது, அதை அந்த வண்டிக்குப் பழக்க நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு மேல்முறையீடு, அதன்மேல் வழக்கு. என் மன்னார்புரத்து எலக்ட்ரீஷியனிடம் அந்தக் கருவி இன்றும் இல்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். வண்டியின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கடிதம் எழுதியே காலத்தைக் கரைத்துவிட வேண்டாம். புகார் கொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்சி ஓட்டுபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். 'கமர்ஷியல் வண்டி' என்று சொல்லி விரட்டினால் நகர வேண்டாம். புது வண்டி கேட்டு நிற்காதீர்கள்: 2006-இல் மாருதி வழக்கொன்றில், பழுதான பாகத்தை மாற்றித் தந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் கேட்டிருப்பது கட்டிய பணமும் வழக்குச் செலவும்தான்.

அவர்களுடைய பதில் மனு என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்வேன்: தண்ணீர் புகுந்தது, வெளியில் ஹாரன் மாட்டினார், நிபுணர் அறிக்கை இல்லை. முதல் இரண்டும் சில வண்டிகளில் உண்மை. கண்ட இடத்தில் வயரை அறுத்து விளக்கு மாட்டும் நம் ஆசைக்கு அளவில்லை. என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. மூன்றாவதற்கு, பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டிருக்கிறேன். சட்டத்தில் இடம் உண்டு. 2022-இல் ஹூண்டாய் கிரெட்டா ஒன்றில் ஏர்பேக் விரியாத வழக்கில், மோதல் வேகம் போதவில்லை என்று நிறுவனம் வாதிட்டபோது, நுகர்வோர் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பையும் இணைத்திருக்கிறேன்.

என்னிடம் இல்லாதது எண்ணிக்கை. எலக்ட்ரீஷியனின் இழுப்பறையில் மூன்று, என்னுடையது ஒன்று. பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கும் விதி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு மட்டும், அதுவும் விற்பனைக்கு ஏற்ற எண்ணிக்கையில் அரசின் 'வாகன்' இணையதளத்தில் புகார்கள் சேர்ந்தால்தான். என் வண்டிக்கு அந்த ஏழு ஆண்டுக் கணக்கு 2026 பிப்ரவரி வரைதான். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் கொடுக்கவும் வழி உண்டு.

வழக்கு நடப்பதால் வண்டியின் பெயரை இங்கே எழுதவில்லை. 2018, 2019-இல் தயாரான வண்டியில் ஓடும்போதே ஸ்டீயரிங் இறுகியவர்கள், உங்கள் ஜாப் கார்டின் படத்தைப் பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு உள்பெட்டியில் அனுப்புங்கள். பழைய பாகம் கையில் இருந்தால், தயவுசெய்து யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள். என்னுடையது பழைய துண்டில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருக்கிறது. அது எப்போது வீட்டை விட்டுப் போகும் என்று மனைவி தினமும் கேட்கிறாள்.