"ஒண்ணும் ஆகலையே" கூட்டத்துக்கு

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். பாசி நஞ்சு இருக்கலாம், இறங்காதீர்கள் என்று எங்கள் ஏரிக்கரையில் வைத்த எச்சரிக்கைப் பலகையை ஒருவர் பிடுங்கிச் சாய்த்துவிட்டு, பச்சை பெயின்ட் கொட்டியது மாதிரி கிடக்கும் ஏரித் தண்ணீரில் குதித்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பி, "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்று சிரிக்கிறார். கீழே ஒரே கைதட்டல். நான் எழுதிய நான்கு வரி பதிலை மட்டும் காணோம். சரி, இது என் பக்கம். இங்கே யாரும் அழிக்க முடியாது.

அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதான் அந்த வீடியோவில் தெரிகிறது. தண்ணீர் நல்லது என்று அதிலிருந்து எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?

நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்வது சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். வெயில் அடித்து, காற்றும் இல்லாமல் தண்ணீர் அசையாது நின்றால், மேலே மிதந்து வந்து ஏடாகப் படியும். காற்று திரும்பினால் அந்த ஏடு அப்படியே எதிர்க்கரையில் போய் ஒதுங்கும். காலையில் சுத்தமாக இருந்த இடத்தில் மாலையில் நஞ்சு திரண்டு கிடக்கலாம். அதில் மைக்ரோசிஸ்டின் இருந்தால் கல்லீரலைத் தாக்கும், அனடாக்சின் இருந்தால் நரம்பைத் தாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு எல்லாம் கேமரா ஓடும்போதே வந்து நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டுக்குப் போன பிறகும் வரும். அதற்கு யார் வீடியோ போடுகிறார்கள்?

"எல்லாப் பாசியும் விஷமில்லை, கூகுள் பண்ணிப் பாருங்க" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். உண்மைதான், எல்லாம் விஷமில்லை. ஒரே இனத்திலேயே நஞ்சு சுரப்பதும் உண்டு, சுரக்காததும் உண்டு. அதனால்தானே ஐயா சோதனை செய்யச் சொல்கிறோம்! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மக்கள் குளித்து விளையாடும் நீர்நிலைகளுக்கு மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 8 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று 2019-ல் பரிந்துரைத்தது. அந்த அளவைக் கரையில் நின்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் ஆற்றல் உங்களுக்கு இருந்தால் சொல்லுங்கள், சோதனைக்கூடங்களை எல்லாம் மூடிவிடலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். எங்கள் அக்கா வீட்டில் ஒரு நாய் இருந்தது. தண்ணீரைக் கண்டால் நிற்காது. இதே மாதிரிப் பச்சை ஏடு படிந்த ஓர் ஏரியில் இறங்கி ஆட்டம் போட்டுவிட்டு வந்து, கரையில் உட்கார்ந்து உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது. கொஞ்ச நேரத்தில் கால் தள்ளாடியது. வாயில் நுரை. மருத்துவரிடம் கொண்டு போய்ச் சேர்க்கும் வரை தாங்கவில்லை. ரோமத்தில் ஒட்டிய ஏட்டை நக்கியே நாய்கள் சாகும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே பலகை எதுவும் கிடையாது. இங்கே ஒரு பலகை இருந்தது, அதைப் பிடுங்கியவருக்கு ஹார்ட்டின் விடுகிறீர்கள்.

"நாய்க்கும் மனுஷனுக்கும் முடிச்சுப் போடாதீங்க." இந்தப் பதிலும் வரும், தெரியும். சரி, மனிதர்களைப் பற்றியே பேசுவோம். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வந்த தண்ணீரில் இந்த நஞ்சு கலந்திருந்தது. 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். டயாலிசிஸ் வேறு, குளிப்பது வேறு, ஒப்புக்கொள்கிறேன். அங்கே நஞ்சு நேராக ரத்தத்தில் ஏறியது. ஆனால் இது மனிதனை ஒன்றும் செய்யாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2014-ல் அமெரிக்காவின் டொலிடோவில், ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்று சுமார் 4 லட்சம் பேரிடம் சொன்னார்கள். காய்ச்சியும் குடிக்காதே என்றார்கள். காய்ச்சினால் இந்த நஞ்சு போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். போட்ஸ்வானாவில் 2020-ல் 300-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தபோது, அந்நாட்டு அரசு காரணமாகச் சொன்னதும் சயனோபாக்டீரியாவைத்தான். யானை! நம் வீடியோ வீரரின் எடை என்னவோ.

அவரை விடுங்கள், வளர்ந்த மனிதர். அதைப் பார்த்துவிட்டு இறங்கப் போகிற குழந்தைகள்தான் என் கவலை. குழந்தைகள் விளையாடும்போது தண்ணீரை விழுங்கும், பெரியவர்களைவிட அதிகமாகவே விழுங்கும். சின்ன உடம்பு வேறு.

படகு விடுபவர்களின் பிழைப்பு போகிறதே என்று கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பலகை வைத்த நாளிலிருந்து கூட்டம் இல்லை, உண்மை. ஆனால் ஏரியைப் பச்சையாக்கியது பலகையா? கனடாவில் 1973-ல் ஒரே ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கொட்டினார்கள், ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ். அந்தப் பாதிதான் பச்சையாகிப் போனது. கழிவுநீரிலும் உரத்திலும் இருப்பது அதே பாஸ்பரஸ்தான். நம் ஏரிக்குள் சாக்கடையைத் திருப்பிவிட்டபோது யாரும் வீடியோ எடுக்கவில்லை. அப்போது பேசிய எங்களுக்கு "வேலை வெட்டி இல்லாதவர்கள்" என்று பெயர். இப்போது "ஏரி போலீஸ்". இரண்டு பெயரையும் வைத்தது ஒரே ஆட்கள், அதுவும் என் பதிவுகளுக்குத் தவறாமல் வந்து லைக் போட்டுக்கொண்டிருந்தவர்கள். அதுதான் வலிக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

இன்னொரு மேதை, மருந்து அடித்து ஒரே நாளில் கொன்றுவிடலாம் என்கிறார். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி சாகும். சாகும்போது செல் உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும். ஏடு மறைந்து தண்ணீர் தெளிந்து தெரியும், நீங்களும் நிம்மதியாக இறங்குவீர்கள். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் அணையில் மயில்துத்தம் போட்ட பிறகுதான் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"உனக்கு என்னதான்யா வேணும்?" என்று இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்கு: தண்ணீரை வாரம் ஒருமுறை சோதித்து, முடிவைத் தேதியோடு கரையில் ஒட்டச் சொல்லுங்கள். சாக்கடை வாயை அடைக்கச் சொல்லுங்கள். அதுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். நட்புப் பட்டியலிலிருந்து என்னை நீக்குவதாக மிரட்டுகிறவர்கள் தாராளமாக நீக்கிக்கொள்ளலாம், சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுகூட இல்லை.