மண்ணெண்ணெய்ப் புத்திக்காரன் எழுதுவது

நேற்றைய பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கனடாவில் மச்சான் வைத்திருக்கும் பழைய செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் படத்தைப் போட்டு, இஞ்சின் 2,300 மணித்தியாலம் ஓடியும் நல்ல சுகம் என்று ஒரு வரி எழுதினேன். (வன்னிக்காரன் சிறிய விமானம் என்றதும் சிலருக்கு மனம் எங்கே போகும் என்று தெரியும். அது இல்லை.)

உடனே ஒரு தம்பி வந்தார். "2,000 மணித்தியாலத்தில் இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கு. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய வன்னிப் புத்தி போகாது." அதற்கு 40 சிரிப்பு.

சரி. அந்த விமானத்தின் ஓ-320 இஞ்சினுக்கு, அதைச் செய்யும் லைகமிங் கம்பனி 2,000 மணித்தியாலம் அல்லது 12 வருடம் என்று பரிந்துரைக்கிறது. பரிந்துரை, தம்பி. வாடகைக்கு ஆள் ஏற்றினால் கதை வேறு. தன் தேவைக்குப் பறப்பவன் அந்தக் கணக்கில் இஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று கனடாவிலும் சட்டமில்லை, அமெரிக்காவிலும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு ஓடு என்றா சொன்னேன்? மச்சான் ஒயில் மாற்றும்போதெல்லாம் பில்டரை வெட்டி விரித்து உலோகத் தூள் தேடுகிறான். ஒயிலைச் சோதனைக்கு அனுப்புகிறான். சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றடித்து எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறான். சும்மா கிடந்தால்தான் அந்த இஞ்சினுக்குக் கேடு. வால்வுகளைத் திறக்கும் காம்சாஃப்ட் மேலே இருப்பதால் ஒயில் வடிந்து துருப்பிடிக்கும். இவன் வாராவாரம் பறக்கிறான். பரிந்துரை என்றால் பரிந்துரைதான்.

"வானத்தில் நின்றால் ஓரமாக நிறுத்தலாமா?" என்று இன்னொருவர். நிறுத்த முடியாதுதான். பிரித்துப் பூட்டியது மட்டும் நிற்காதா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுடைய பழுதுக் கணக்கைப் பார்த்த வாடிங்டன் என்ற உயிரியலாளர், பராமரிப்பு முடிந்த கையோடுதான் பழுது கூடுகிறது என்று கண்டார்.

எங்கள் வீட்டுக்கு வாடிங்டன் தேவைப்படவில்லை. மீள்குடியேறிப் பரந்தனுக்கு வந்தபின், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேண்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சில்லு உழவு மெஷினை, யாரோ சொன்னார்கள் என்று அப்பா கராஜில் கொடுத்து இஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்வித்தார். பதினோராம் நாள் நடுவயலில் பிஸ்டனைப் பிடிக்கும் கொன்ரொட்டின் போல்ட் கழன்று பிளொக்கை உடைத்தது. ஒயிலை இரண்டு விரலில் தேய்த்தே இஞ்சினின் வருத்தத்தைச் சொல்லும் மனுசன், அன்று பொழுதுபடும்வரை வரம்பில் குந்தியிருந்தார்.

மண்ணெண்ணெய் என்று சிரித்தீர்களே. போர்க்காலத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெட்ரோல் எங்கே இருந்தது? காபரேட்டரில் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு உதைப்போம். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நாங்கள் ஆசைப்பட்டா ஊற்றினோம்? அப்படி ஓடிய எம்டி 90 மோட்டார் சைக்கிளில்தான் காய்ச்சலோடு அம்மாவை நடுவில் இருத்தி, இரவில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அது வழியில் நிற்கவில்லை, தம்பி.

பிரச்சினை வேண்டாம், படத்தை எடுத்துவிடு என்று மச்சான் இரவு போன் பண்ணினான். எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.