அதே மெட்டு, அதே பொருள். பிறகு என்ன பிரிவினை?

அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப விளக்கப் பொறுமையில்லை. இலங்கையின் தேசிய கீதம் தமிழில் தொடங்கியதும் பொத்தென்று உட்கார்ந்தாரே ஒரு பெரிய மனிதர், அவர் பிறகு 'தேசிய கலாசாரம் ஒன்றுதான்' என்று விளக்கமும் எழுதியிருக்கிறார்.

ஐயா, அது சிங்களக் கீதத்துக்கு ஆனந்த சமரக்கோன் போட்ட அதே மெட்டு. புலவர் நல்லதம்பி தமிழாக்கிய அதே பொருள். வாத்தியக் குழு ஒரு சுரத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. நாமெல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள் என்ற கருத்துத் தமிழிலும் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்தீர்கள்.

'இந்தியாவில் ஒரே மொழியில்தானே பாடுகிறார்கள்?' என்பீர்கள். பாடுகிறார்கள். ஆனால் அது பெரும்பான்மையினரின் இந்தி அல்ல, வடமொழி கலந்த வங்காளம். சிங்கப்பூரில் முக்கால்வாசிப் பேர் சீனர், கீதமோ மலாயில். உதாரணம் எடுக்கும்போது கொஞ்சம் பார்த்து எடுக்கவேண்டாமா? தென்னாபிரிக்கா 1997இலிருந்து ஒரே கீதத்துக்குள் ஐந்து மொழிகளை வைத்திருக்கிறது. நியூசிலாந்தில் 1999 ரக்பி உலகக் கிண்ணத்தில் மாவோரி மொழியில் மட்டும் பாடியதற்குப் பெரிய கூச்சல் எழுந்தது. இன்று அங்கே முதலில் மாவோரி, பிறகு ஆங்கிலம். யாரும் நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகவில்லை.

'சிங்களத்தில் பாடினால் என்ன குறைந்துவிடும்?' ஒன்றும் குறையாது, தெரிந்தவர் பாடட்டும். தெரியாத பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கதை. சிங்கள வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுப்பார்கள். தமிழில் வல்லின ஒலிக்கும் அதன் மெலிந்த ஒலிக்கும் (ka, ga) ஒரே எழுத்து. அடுத்த மெய்யோடு ஒட்டிவரும் சிங்களத்தின் அரை மூக்கொலிகளுக்கு எழுத்தே இல்லை. உச்சரிப்பும் போச்சு, பொருளும் போச்சு. வாயசைப்பைத் தேசப்பற்று என்று பதிந்துகொள்கிறோம்.

'சட்டம்?' 1978 அரசியல் யாப்பே தமிழைத் தேசிய மொழி என்கிறது. 1987இல் 13ஆம் திருத்தம் 'தமிழும்' அரசகரும மொழி என்றது. அந்த 'உம்' இருக்கிறதே, அதுதான் எங்களுக்குக் கிடைத்த கலாசாரம். 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவிலும் தமிழ்க் கீதம் கடைசியில்தான். 2020இல் அந்தக் கடைசியும் இல்லை.

கொடியை இழுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். செம்மஞ்சள் கோடு தமிழருக்கு, பச்சைக் கோடு முஸ்லிம்களுக்குத்தானே என்பீர்கள். சரி, சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியே, வாள் பார்க்கிற பக்கம். அதற்கும் எழுந்து நின்றுகொண்டுதானே இருக்கிறோம்? நாங்கள் உங்கள் மொழிக் கீதத்துக்கு ஒருநாளும் உட்காரவில்லை.

பின்னூட்டத்தில் 'அப்போ ஆங்கிலத்திலும் பாடலாமே' என்று வருகிறவர்கள், முதலில் யாப்பின் 19ஆம் உறுப்புரையைப் படித்துவிட்டு வாருங்கள். தேசிய மொழிகள் இரண்டே, சிங்களமும் தமிழும். ஒரே ஒரு வரி.