குளிர் ஊர்க்காரர்கள் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால்

நீலகிரி மலையில் இருக்கிற நமக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரிக்கு வருகிற உறவுக்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். கீழே இருக்கும்வரை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தவர்கள், இங்கே வந்து இரண்டு நாளில் நம்மைப் போலவே டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடம்பின் நடுப்பகுதியில் சேர்ந்துவிடுகிறது. அதை வைத்து உடம்பில் தண்ணீர் போதுமான அளவு இருப்பதாக மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. தாகம் மட்டுப்படுகிறது, சிறுநீர் மட்டும் அடிக்கடி வருகிறது. உறைபனி விழும் ஜனவரி மாதத்தில் காற்றும் வறண்டிருக்கும். மூச்சு விடும்போதே உடம்பின் ஈரம் போய்க்கொண்டிருக்கும், வியர்வை இல்லாததால் அது நம் கண்ணுக்குப் படுவதில்லை.

தண்ணீர் இறங்காத இந்த இடத்தில்தான் சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கிறது.

காலை நேரத்தில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று பாருங்கள். கிளாஸ்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றிலும் முதலில் சர்க்கரையைத்தான் போட்டுக்கொண்டே போவார் மாஸ்டர். பால், டிக்காஷன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். "அண்ணே, சர்க்கரை கம்மி" என்று நாம் சொல்வதற்குள் கிளாஸின் அடியில் அது வெள்ளையாகக் கிடக்கும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 10 கிராம். நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர் இங்கே சாதாரணம். அதுவே 50 கிராம் ஆகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, சராசரி ஆளுக்கு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. மதியம் ஒரு கோலா குடித்தால், 250 மில்லியில் 26 கிராமுக்குக் குறையாமல் சேரும். இத்தனைக்கும் டீயோடு கடிக்கிற வர்க்கி பிஸ்கட்டைப் பற்றி நான் பேசவே இல்லை.

டீயை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த மாவட்டமே அதை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. டீயில் இருக்கிற தண்ணீரும் உடம்புக்குத் தண்ணீர்தான். சோறு சாப்பிட்ட கையோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது, அதனால் கொஞ்சம் தள்ளிக் குடிப்பது நல்லது, அவ்வளவுதான். என் சண்டை சர்க்கரையோடு. அது திரவமாக உள்ளே போகும்போது வயிறு நிறைந்த உணர்வு வருவதில்லை. 26 கிராம் சர்க்கரையைக் கையில் அள்ளித் தின்னச் சொன்னால் நாலு வாயில் திகட்டிவிடும். பாட்டிலில் அதே அளவு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது, சாப்பாடும் குறைவதில்லை. "மேடு ஏறி இறங்குறவங்களுக்கு சுகர் எங்க வரும்" என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். இப்போது யார் ஏறி இறங்குகிறார்கள்? பக்கத்துக் கடைக்குக்கூட பைக்கில்தானே போகிறோம்.

2019 ஆகஸ்ட் 15 முதல் நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தது. தடையோடு சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்களும் வந்தன. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது குப்பைக்காகப் போட்ட தடை. கலர் தண்ணீர் டின்னிலும் அட்டை டப்பாவிலும் கடையில் நின்றுகொண்டுதான் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கை அங்கேதான் போகிறது.

"தினமும் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் குடி" என்று சமவெளி டாக்டர் சொல்கிற யோசனை இங்கே எடுபடாது. டிசம்பர் காலையில் அந்தத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். மலைக்கு வெந்நீர்தான் சரி. கூடலூர் பக்கம் கேரளச் சாயல் உள்ள ஓட்டல்களில் உட்கார்ந்ததுமே சூடான சீரகத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். யாரும் கேட்பதில்லை, காசும் இல்லை. வைத்த தண்ணீரை எல்லோரும் குடித்துவிடுகிறார்கள். இதே பழக்கம் ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் எல்லா டீக்கடையிலும் வர வேண்டும். பாய்லர் எப்போதும் கொதித்துக்கொண்டுதானே இருக்கிறது? வீட்டில் ஒரு ஃபிளாஸ்க் போதும். ஊற்றுத் தண்ணீர் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகு 3 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். டீயிலும் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், பழைய அளவு திகட்டும். சிறுநீரகம், இதயத்தில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சொன்னாலும் பாதிப் பேருக்குப் பயன்படாது. ஏனென்று என் அம்மாதான் சொன்னார். வருஷக்கணக்கில் தேயிலைக் கொளுந்து பறித்தவர். காலையில் வீட்டிலேயே இனிப்பாக ஒரு டீ, பத்து மணிக்குத் தோட்டத்தில் கேனில் வருகிற டீ இன்னொன்று. தண்ணீர் கிட்டத்தட்ட கிடையாது. இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி, முதுகில் கூடை, காலில் அட்டைப்பூச்சி, சரிவில் ஒதுங்க ஒரு மறைவு இல்லை. "தண்ணி குடிச்சா அப்புறம் எங்கடி போறது?" என்றார். கூட வேலை பார்த்த பெண்களில் பலருக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போகும். பசியும் சோர்வும் தெரியாமலிருக்க அந்தச் சர்க்கரைதான் அவர்களைச் சாயங்காலம்வரை இழுத்துக்கொண்டு போனது. இவர்களிடம் போய் 'சர்க்கரையை விடுங்கள், தண்ணீர் குடியுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது?

1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அது பெரிய எஸ்டேட்டுகளுக்கானதாகத்தான் இருந்தது. நீலகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குள் வராத சிறு விவசாயிகள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகக் கழிப்பறை கட்ட முடியாது, அது எனக்கும் புரிகிறது. ஒரே சரிவில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒன்று கட்டலாம். பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு வெந்நீரும் வைக்கலாம். ஆள் பறித்துக் கொடுக்கிற கொளுந்தில்தானே எல்லோருக்கும் வருமானம்?

உங்கள் ஊர்ப்பக்கம் யாராவது இப்படிச் செய்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். செலவு எவ்வளவு ஆனது, யார் சுத்தம் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஊரில் பேசிப் பார்க்க அந்த விவரம் வேண்டும்.