இங்கிலிசுக்குக் கோட்டு சூட்டு, தமிழுக்கு பெனியன்

கொழும்பின் காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் புதிதாக மாட்டும் கடைப் பலகைகளைக் கவனியுங்கள். ஆங்கிலப் பெயர் பழங்கால அலங்காரச் செரிஃப் எழுத்தில் (கோடுகளின் முனையில் சிறு கோடு வைத்த வகை), வாலும் சுருளுமாகக் கலியாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கும். தமிழ்ப் பெயரோ கணினியில் கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு பொன்டில். தெரிவு செய்யும் ஒழுங்கே தலைகீழ். ஆங்கிலத்தில் இந்த வகை அள்ள அள்ளக் கிடைக்கும், தமிழில் விரல்விட்டு எண்ணலாம். அப்படியென்றால் தமிழை முதலில் முடிவு செய்து, ஆங்கிலத்தை அதற்கு இசைய எடுப்பதுதானே முறை?

தமிழில் செரிஃபின் குணம் காலடியில் வரும் சிறு கோட்டைவிட, ஒரே எழுத்துக்குள் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வருவதில்தான் தெரியும். நோட்டோ செரிஃப் டமில் என்ற தமிழ்ப் பொன்டின் தடித்த எடையை, அதாவது கோடு தடித்த வடிவத்தை, பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஆங்கிலப் பொன்டுடன் வைத்துப் பாருங்கள், ஓரளவு உறவாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் விளம்பரத்துக்கென்றே வார்த்த கொழுத்த எழுத்துகளின் வாரிசான ஏப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற ஆங்கிலப் பொன்ட் தமிழை அமுக்கிவிடும். 1922இல் வந்த கூப்பர் பிளாக் என்ற ஆங்கில எழுத்து வேறு ரகம்: முனையெல்லாம் உருண்டை, தடிப்பு வேறுபாடு குறைவு. அதற்குப் பக்கத்தில் பலூ தம்பி என்ற தமிழ்ப் பொன்ட் கூச்சமில்லாமல் நிற்கும். சிங்கள வரிக்கு அபய லிப்ரே என்ற பொன்ட் இருக்கிறது.

இரண்டு மொழிக்கும் எழுத்தளவு 48 புள்ளி (பொயின்ட்) என்று போட்டால் கண்ணுக்குச் சமமாக வராது. தமிழ் 'ப'வின் உயரம் ஆங்கிலச் சிற்றெழுத்தைவிடச் சற்றுக் கூடவும், பேரெழுத்தைவிடக் குறையவும் வரும்வரை கண்ணால் பார்த்து மாற்றுங்கள். ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு இடைவெளி விட்டால் அழகு. அதையே தமிழுக்குச் செய்தால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் என்று பிரிந்து போகும். எடை போதாதென்று எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிப்பாக்குவது அதைவிட மோசம்: 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துவிடும், குற்று எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுருள் வால் ஒரு பெயருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எல்லா எழுத்துக்கும் வால் வைத்தால் வாசிக்க முடியாது, அது வேலி.

அழைப்பிதழில் பெயருக்கு மட்டும் இந்த எழுத்து. முகூர்த்த நேரம், மண்டப விலாசம் எல்லாம் சாதாரண எழுத்தில். தங்கத்தாள் பதிக்கும்போது அரைப் புள்ளிக்குக் குறைந்த கோடு இடையிடையே அறுந்துவிடும். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் மை பரவி மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். உள்ளே விளக்கு வைக்கும் பலகைக்கு இவ்வகை எழுத்தே வேண்டாம். அந்த மெல்லிய கோட்டுக்குள் எல்ஈடி எங்கே உட்காரும்?

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம்மாறி விழுந்தால் பொன்டைத் திட்டாதீர்கள், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்குங்கள். பாமினி போன்ற பழைய பொன்டுகளில் செய்த கோப்பு, அந்தப் பொன்ட் இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறக்கும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை வெளிக்கோடாக (பொன்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிவிடுங்கள், மாற்றுமுன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் வெட்டுவதென்றால் இன்னொரு படி உண்டு: ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வடிவங்களை ஒன்றாக இணையுங்கள். இல்லாவிட்டால் இயந்திரம் எழுத்தின் நடுவாலேயே கத்தியை இழுக்கும்.