கேண்டனீஸில் வலிக்கு ஒரே சொல்தானா?

வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "ஹாங்காங்கில் பேசும் கேண்டனீஸில் வலிக்கு 'துங்' என்ற ஒரே சொல்தான். மெல்ல நச்சரிக்கும் வலியைச் சொல்ல வழியே இல்லை." இது தவறு.

'துங்' அடிப்படைச் சொல் என்பது சரி. தலைவலி 'தவ் துங்', வயிற்றுவலி 'தோவ் துங்'. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. உள்ளுக்குள் லேசாக வலித்துக்கொண்டே இருந்தால் 'யன் யன் சோக் துங்' என்பார்கள். 'யன்' என்றால் மறைந்திருப்பது. அதை இரட்டித்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த வலி வந்துவிடுகிறது. நாம் 'விண் விண்' என்று இரட்டித்துச் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். கொஞ்சமாக வலித்தால் 'துங் துங் தெய்'. கடைசியில் வரும் 'தெய்' வலியைக் குறைத்துக் காட்டும் ஒட்டு.

மூட்டை தூக்கிய மறுநாள் உடம்பில் வருகிற உளைச்சலுக்கு 'சுன்' என்று தனிச்சொல்லே உண்டு. புளிப்புக்கும் அதே ஒலிதான்! இடுப்பும் முதுகும் சேர்ந்து பிடித்துக்கொண்டால் 'யியு சுன் புய் துங்'. மருத்துவ எழுத்தில் 'தொன் துங்' என்றும் வரும். 'தொன்' என்றால் மழுங்கிய கத்தியின் மழுங்கல்.

அப்புறம் இன்னொன்று. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் வலியைக் குறிக்கும் 'தெங்' என்ற எழுத்தைக் கேண்டனீஸ்காரர்கள் 'தங்' என்று படிப்பார்கள். அது பாசம் காட்டுவதையும் குறிக்கும்.