ரெஃபரன்ஸ் அனுப்புங்க

நேற்று சாயங்காலம் ஒரு படத்தின் ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர் வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பக்கத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பட போஸ்டரை வைத்து எல்லோரும் பகிர ஆரம்பித்துவிட்டார்கள். அதே நிறம், அதே தோரணை, அதே புகை. கமெண்ட் முழுக்க டிசைனருக்குத்தான் வசவு. சொந்தமாக யோசிக்கத் தெரியாதா, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று. அந்த டிசைனர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ராத்திரி அவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டு வருஷம் இருக்கும். ராத்திரி பத்தரைக்கு ஒரு தயாரிப்பு அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் 'ரெஃபரன்ஸ்' என்று, பார்த்துச் செய்வதற்கான மாதிரியாக ஒரு படம் வந்தது. ஏதோ கொரியப் பட போஸ்டர். கொட்டுகிற மழை, ஈரத் தெரு, முதுகைக் காட்டி நிற்கிற ஒரு ஆள், தொங்கும் கையில் கோடாரி. கீழே இரண்டு வரி: "இதே மாதிரி, நம்ம ஹீரோவ வச்சு. நாளைக்கு ஆறு மணிக்கு ரிலீஸ்." கதை என்ன சார் என்று கேட்டேன். "கதை எதுக்குப்பா, லுக்தான முக்கியம்" என்றார்கள். கூடவே நாற்பது ஸ்டில் வந்தது. ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்பே ஒரே மதியத்தில் பச்சைத் திரை முன்னால் நிறுத்தி எடுத்தவை. படத்தைப் பற்றி என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

செய்துகொடுத்தேன். கோடாரியை அரிவாளாக மாற்றினேன். தெருவிளக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினேன். மழையை அப்படியே விட்டுவிட்டேன், ஏனென்றால் மழை நன்றாக இருந்தது. ஆறு மணிக்கு வெளியானது. ஆறு இருபதுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் போட்டுவிட்டார். எட்டு மணிக்கு போன் வந்தது. "டிசைனர் பண்ணின தப்புன்னு சொல்லிடறோம், நீங்க எதுவும் பேச வேணாம்." பேசவில்லை. அடுத்த நான்கு மாதம் எனக்கு வேலையும் வரவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. படம் வெளியான அன்று காசு கொடுத்துப் போய்ப் பார்த்தேன். கதை ராமநாதபுரம் பக்கத்து வறண்ட ஊர் ஒன்றில் நடக்கிறது. தண்ணீருக்காக நடக்கிற சண்டை. இரண்டே கால் மணி நேரப் படத்தில் ஒரு சொட்டு மழை கிடையாது. மழை வராததுதான் கதையே. அந்தப் படத்துக்கு நான் மழையில் நனைகிற போஸ்டர் செய்து கொடுத்திருக்கிறேன். தியேட்டர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, வெடித்துக் கிடந்த அந்தக் கண்மாய்த் தரையைத் திரையில் பார்த்தபோது, இதுதானே போஸ்டர், இது இங்கேயே இருந்ததே என்று தோன்றியது. அழுகை வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என் பெரியப்பா மதுரையில் தியேட்டர் பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தை இருபது அடித் துணியில் பெரிதாக்கி, சாரத்தில் ஏறி நின்று வரைவார். அவரும் ஸ்டில்லைப் பார்த்துத்தான் வரைந்தார். ஆனால் அது அந்தப் படத்தின் ஸ்டில். நான் இந்த விஷயத்தைச் சொன்னபோது அவர் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்ப்பா, படம் என்ன கதைன்னு கேட்டியா இல்லையா?"

எனக்குச் சொல்ல இருப்பதும் அந்தக் கேள்விதான். போஸ்டர் காப்பி அடிக்கப்படுவது டிசைனருக்குக் கற்பனை இல்லாததால் மட்டும் அல்ல. படத்தைக் காட்டாமல், கதையைச் சொல்லாமல் போஸ்டர் கேட்பதால். பார்ப்பதற்குப் படம் இல்லாதவன் இன்னொரு போஸ்டரைத்தான் பார்ப்பான்.

இது தமிழ் சினிமாவின் நோய் மட்டும் இல்லை. 1976 மார்ச் 29 தேதியிட்ட 'நியூயார்க்கர்' பத்திரிகைக்கு ஓவியர் சால் ஸ்டைன்பெர்க் ஒரு அட்டைப்படம் வரைந்தார். மன்ஹாட்டனின் ஒன்பதாம் அவென்யூவிலிருந்து மேற்கே பார்க்கிற பார்வை. முன்னால் இரண்டு தெருக்கள் அவ்வளவு விவரமாக, அதைத் தாண்டி ஹட்சன் நதி, அதைத் தாண்டி மொத்த அமெரிக்காவும் ஒரு கைக்குட்டை அளவு, கடைசியில் சீனாவும் ஜப்பானும் ரஷ்யாவும் மூன்று மேடு. நியூயார்க்காரனுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதை ஒரே பார்வையில் சொன்ன படம். 1984இல் 'மாஸ்கோ ஆன் தி ஹட்சன்' வந்தது. ரஷ்ய சர்க்கஸ் கலைஞன் ஒருவன் நியூயார்க்கில் தங்கிவிடுகிற கதை. அதன் போஸ்டரில் முன்னால் மூன்று கதாபாத்திரங்கள், பின்னால் மன்ஹாட்டன் தெருக்கள், கடல், பேருக்குக் கொஞ்சம் ஐரோப்பா, தொடுவானத்தில் மாஸ்கோ. ஸ்டைன்பெர்க் மேற்கே பார்த்தார், இவர்கள் கிழக்கே பார்த்தார்கள். மற்றபடி கட்டடங்களின் முகப்பு வேலைப்பாடு, அந்த எழுத்து, மேல்விளிம்பில் ஓடும் மெல்லிய நீலப் பட்டை வரைக்கும் அவருடையது போலவே இருந்தது.

ஸ்டைன்பெர்க் வழக்குப் போட்டார். 1987இல் நியூயார்க் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது ஒரு இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. பட நிறுவனத்தின் கலை இயக்குநர் ஸ்டைன்பெர்க்கின் அந்த அட்டைப்படத்தின் போஸ்டரைக் காசு கொடுத்து வாங்கி அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். படம் வரைய வெளியிலிருந்து அழைத்த ஓவியரிடம், நியூயார்க் என்று பளிச்சென்று தெரிய வேண்டும், அதற்கு இதைப் பயன்படுத்து என்று சொல்லியிருக்கிறார். ராத்திரி பத்தரைக்கு எனக்கு வந்த வாட்ஸ்அப்தான் அது. அன்றைக்குச் சுவரில் மாட்டினார்கள், இன்றைக்கு போனில் அனுப்புகிறார்கள்.

போஸ்டரில் கொஞ்சப் பகுதிதானே ஒத்துப்போகிறது என்ற வாதமும் அந்த வழக்கில் வந்தது. அதற்கு நீதிபதி, லேர்ன்ட் ஹேண்ட் என்ற பழைய நீதிபதி 1936இல் சொன்னதை எடுத்துக்காட்டினார். எவ்வளவு திருடவில்லை என்று காட்டி, திருடியதை யாரும் நியாயப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். கோடாரியை அரிவாளாக மாற்றிய எனக்கு அது நேராகவே பட்டது.

நம் ஊர் சட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகத்தையும் ஒரு சினிமாவையும் ஒப்பிட்டுப் பார்த்து, கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்றது. அந்த வழக்கில் சினிமாக்காரர்கள் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் அளவுகோல் ஒன்றையும் சொன்னார்கள்: இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல்தான் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் வர வேண்டும். ஆறு இருபதுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்ட அந்தப் பெயர் தெரியாத ஆள் செய்ததும் அதைத்தான்.

சரி, எல்லா ஒற்றுமையும் திருட்டா? இல்லை. இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆரஞ்சும் நீலமும் எல்லாப் போஸ்டரிலும் வருகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. மனிதத் தோல் ஆரஞ்சுப் பக்கம் சாயும், அதற்கு எதிர்நிறம் நீலம், முகம் தூக்கித் தெரியும். முகங்களை மேலே பெரிதும் சிறிதுமாக அடுக்குவதற்கும் காரணம் உண்டு. யார் பெயர் எங்கே வர வேண்டும், யார் முகம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஹாலிவுட்டில் ஒப்பந்தத்திலேயே எழுதுகிறார்கள். இங்கே எழுதினாலும் எழுதாவிட்டாலும் போனில் வந்துவிடும். இதெல்லாம் பழக்கம், சோம்பல் என்றுகூடச் சொல்லலாம். நகல் என்று சொல்ல மாட்டேன். ஒரு தனி மனிதனின் மூளையில் பிறந்த, அவனுக்கே உரிய யோசனையை எடுத்து முகத்தை மட்டும் மாற்றினால் அது நகல்.

மரியாதைக்காகச் செய்தோம் என்று சொல்வதும் உண்டு. 1959இல் 'அனாடமி ஆஃப் எ மர்டர்' படத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் ஒரு போஸ்டர் செய்தார். தலை, கை, கால், உடம்பு எல்லாம் கத்தரித்த காகிதத் துண்டுகள் மாதிரி தனித்தனியாகக் கிடக்கும் ஒரு உருவம். நீதிமன்றத்தில் ஒரு கொலையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிக்கிற படம் அது. அதனால் உடம்பும் துண்டு துண்டு. 1995இல் 'கிளாக்கர்ஸ்' படத்தின் போஸ்டரில் கிட்டத்தட்ட அதே உருவம் வந்தது. இது பாஸுக்குச் செய்த மரியாதை என்றார் அதன் வடிவமைப்பாளர். பாஸ் அப்போது உயிரோடு இருந்தார். அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கு மரியாதை செய்கிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதானே மரியாதை?

சமீபத்திய தமிழ்ப் படங்களின் பெயர்களை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே நாலைந்து நினைவுக்கு வரும். அந்த டிசைனர்களுக்கு நாளைக்கும் வேலை வேண்டும்.

ஆனால் போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி, பசை காய்ந்து, அட்டை மாதிரி தடித்துப் போயிருந்தது. மேலே ஒட்டியிருந்தது புதுப் படம். அதன் கீழ்ப்பாதியை ஆடு தின்றதோ யார் கிழித்ததோ, இடுப்புக்குக் கீழே காணோம். அந்த இடத்தில் அடியில் இருந்த பழைய படத்தின் போஸ்டர் தெரிந்தது. வேறு ஹீரோ, வேறு இயக்குநர். ஆனால் மேலிருந்த முதுகும் கீழிருந்த கால்களும் அப்படியே பொருந்தின. வேட்டியின் மடிப்புகூட இழை மாறாமல் இறங்கியது. இரண்டு படங்கள் சேர்ந்து ஒரே ஆளாக நின்றன. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் அதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்க அதில் எதுவும் வித்தியாசமாக இல்லை.

தயாரிப்பாளர்களின் பயம் எனக்குப் புரிகிறது. வட்டிக்கு வாங்கிய பணம். ஏற்கெனவே ஓடின படத்தின் சாயல் இருந்தால் கூட்டம் வரும் என்ற நம்பிக்கை. ஆனால் அந்தச் சுவரைப் பாருங்கள். அங்கே எந்தப் படமும் தெரியவில்லை. செலவு செய்து அடித்து, ஆள் வைத்து ஒட்டிய போஸ்டர், பக்கத்துப் போஸ்டரோடு கரைந்து போய்விடுகிறது.

படத்தைத் தெரிந்துகொண்டு செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு சத்யஜித் ராய் ஒருவர் போதும். 1943இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தவர் அவர். இயக்குநரான பிறகும் தன் படங்களின் போஸ்டரைத் தானே வரைந்தார். வங்காள எழுத்தையே வளைத்து, தடிமனாக்கி, படத்துக்குப் படம் வேறு முகம் கொடுத்தார். 'தேவி'யின் போஸ்டரில் அந்தப் பெண்ணின் முகம், ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு. மருமகளை மாமனார் காளியாக்கிக் கும்பிட ஆரம்பிக்கிற கதை. இனி அவள் பெண்ணா தெய்வமா என்பது அவளுக்கே தெரியாது. அந்த முகத்தை எடுத்து வேறு எந்தப் படத்துக்கு ஒட்ட முடியும்?

போலந்திலும் அப்படி ஒரு காலம் இருந்தது. போருக்குப் பிறகு பட விநியோகம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. நட்சத்திர முகத்தைக் காட்டித்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. போஸ்டர் வேலை ஓவியர்களிடம் போனது. வெளிநாட்டுப் படங்களுக்கும் அவர்கள் தங்கள் போஸ்டரையே வரைந்தார்கள். 'கேபரே' படத்துக்கு 1973இல் விக்டர் கூர்க்கா வரைந்ததைத் தேடிப் பாருங்கள். நடுவில் ஒரு முகம், அதைச் சுற்றி நடனக்காரியின் கால்கள், அந்தக் கால்கள் மடங்கி மடங்கி நாஜி ஸ்வஸ்திகாவாக நிற்கும். நாஜிகள் தலையெடுக்கும் காலத்து பெர்லின் கேளிக்கை விடுதி பற்றிய படம் அது. மொத்தப் படமும் அந்த மடங்கிய முழங்காலில் இருக்கிறது. கதை உள்ளே இறங்காதவனுக்கு அந்தக் கோடு வராது.

இப்போது ஏஐ வந்துவிட்டது. ரெஃபரன்ஸ் அனுப்புகிறவர்களே 'அந்த போஸ்டர் ஸ்டைல்' என்று தட்டச்சு செய்து பத்து படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதிலும் அதே புகை, அதே முதுகு. அந்த இயந்திரத்துக்கும் யாரும் கதை சொல்லவில்லை.

நான் இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். கதை சொல்லாமல் வேலை எடுப்பதில்லை. முழுக் கதை வேண்டாம், முடிவை மறைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் பேசினால் போதும். இதனால் வேலை குறைந்திருக்கிறது, அது உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புது இயக்குநர் வந்தார். வயது இருபத்தாறுதான் இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை சொன்னார். தறி ஓட்டுகிற ஒரு அம்மாவைப் பற்றிய படம். நடுவில், அந்த அம்மாவுக்கு ஒரு காது கேட்காது, தறி இருக்கும் பக்கத்துக் காது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காதை வரைந்தேன். காதுக்குள்ளே நூல் போகிறது, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு மாதிரி இழை இழையாக. பென்சிலில் வரைந்ததை போட்டோ எடுத்து அனுப்பினேன். இயக்குநர் உடனே கூப்பிட்டார், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு.

மறுநாள் தயாரிப்பாளர் பேசினார். நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். "ஆனா தம்பி, இந்த மாதிரி ஏற்கெனவே வந்த போஸ்டர் ஏதாவது இருந்தா ரெஃபரன்ஸ் அனுப்புங்க. பாத்துட்டு முடிவு பண்ணிடலாம்."

"அப்படி எதுவும் இல்லைங்க சார்" என்றேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். அந்த பென்சில் படத்தை ஆறு ஷீட் சுவர் போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கி அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவர் அலுவலகத்துச் சுவரில் ஒட்டிக் காட்டப் போகிறேன்.